ஒரு போர்டுகூட எரியல

இனி பஸ்ஸு நகர ஒரு மணி நேரமாவது ஆகும், பாத்துக்கிடுங்க. தொப்பூர் மேட்டுல லாரி கவுந்தா அப்படித்தான். நீங்க தருமபுரியா? நான் ஓசூர் போகணும். கோயமுத்தூருக்குக் கோர்ட்டு வேலையா வந்தேன், முடிச்சுட்டுத் திரும்புறேன். அய்யய்யோ, என் மேல கேஸ் ஒண்ணும் இல்லைங்க. சாட்சி. வெறும் சாட்சி. கூப்பிட்டாங்க, போனேன், கேட்டதுக்குப் பதில் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன், வந்துட்டேன்.

என் பேரு ஆவுடையப்பன். சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிசைன் வேலை. எங்க வீட்டுல கேட்டீங்கன்னா ரேடியோ ரிப்பேர்னுதான் சொல்லுவாங்க, அது வேற. என் வேலை காப்பாத்துறது. மெஷினுக்குள்ள மூளை மாதிரி ஒரு சின்ன சிப்பு இருக்கும். அது மூணு வோல்ட்டு, மிஞ்சிப்போனா மூணரை வோல்ட்டு தாங்கும். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறுறப்ப, மோட்டார் நிக்கிறப்ப, ஒயர்ல ஒரு நொடிக்கு அம்பது, நூறு வோல்ட்டு குதிச்சு வரும். சிப்பு செத்துரும். அது சாகாம முன்னாடி ஒரு சர்க்யூட் வைப்போம். கிளிப்பர்னு பேரு. மொட்டைமாடித் தண்ணி டேங்க்ல மேல ஒரு குழாய் வச்சிருப்பாங்கல்ல, நிரம்பினா வழிஞ்சு போறதுக்கு? அதேதான். அளவுக்கு மேல வர்றதை வெட்டி வெளிய விட்டுரும். அந்தக் குழாயை எந்த உயரத்துல வைக்கிறதுங்கிறதுதான் வேலையே. மேல வச்சா டேங்க் உடையும். கீழ வச்சா நல்ல தண்ணியும் சேந்து போயிரும்.

நான் வச்ச கிளிப்பர்ல இன்னைய வரைக்கும் ஒரு போர்டுகூட எரிஞ்சு திரும்பி வரல. ஓசூர்ல கேட்டுப் பாருங்க. கோர்ட்டுலயும் அதைத்தான் கேட்டாங்க. அதைத்தான் சொன்னேன்.

ஆறு வருசம் முன்னாடி நடந்தது. அப்ப நான் கோயமுத்தூர் கணபதியில தாமோதரன்னு ஒருத்தர்கிட்ட இருந்தேன். சின்ன கம்பெனி, பதினாறு பேரு. கோழிமுட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கிற மெஷினுக்கு சூடு கட்டுப்படுத்துற போர்டு செய்வோம். எனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருச்சு. இருபத்தஞ்சாம் தேதி சேரணும், ஒரிஜினல் சர்டிபிகேட்டோட. சர்டிபிகேட்டு பூராவும் தாமோதரன் பீரோவுல இருக்கு. வேலைக்குச் சேர்ற அன்னைக்கே வாங்கி வச்சுக்கிட்டாரு, எல்லாருக்கும் அப்படித்தான். போய்க் கேட்டேன். அவரு கோவமே படல. பல்லடம் பக்கம் ஒரு ஹேச்சரியில நம்ம போர்டு ரெண்டு தடவை எரிஞ்சு முட்டையெல்லாம் போச்சு, அதைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு வந்து வாங்கிக்கன்னாரு. ரெண்டு நாள் வேலைன்னு நினைச்சேன். ரெண்டு செட்டுத் துணி எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தத் துணியைக்கூட நான் போடல.

ஏன்னா உள்ள நுழையிறப்பவே குளிக்கச் சொல்லிட்டாங்க. கோழி நோய் வந்துரும்னு பயம். நம்ம துணி, செருப்பு, பை எல்லாத்தையும் வாட்ச்மேன் ரூம்ல பூட்டி வச்சுட்டு, அவங்க கொடுக்கிற நீல பேண்ட்டு சட்டை போட்டுக்கணும். போனையும் என் சாமான் டப்பாவையும் மட்டும் மருந்து போட்டுத் துடைச்சு உள்ள விட்டாங்க. வெளிய போயிட்டு வந்தா திரும்பக் குளிக்கணும், மூணு நாள் உள்ள விடமாட்டாங்க.

ஓனரு நாச்சிமுத்து. அறுபது வயசு, வெள்ளை வேட்டி, சத்தம் போடாத மனுசன். உக்கார வச்சுக் காப்பி கொடுத்தாரு. ரெண்டு தடவை உங்க ஆளு வந்து சரிபண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போனாங்க, ரெண்டு தடவையும் போன மறுவாரம் எரிஞ்சுதுன்னாரு. அப்புறம் சொன்னாரு:

"இன்ஜினியர் தம்பி, நாளைக்கு ஒம்பதாயிரத்தி அறுநூறு முட்டை வைக்கிறனுங்க. இருபத்தோரு நாளு. குஞ்சு வெளிய வந்தா நீங்களும் வெளிய போங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன். சாயங்காலம் கேட்டுக்குப் போனா பூட்டியிருக்கு. தாமோதரனுக்குப் போன் போட்டேன். அவரும் அதையேதான் சொன்னாரு. குஞ்சு வரட்டும், சர்டிபிகேட்டு எங்க ஓடிப்போகுதுன்னாரு.

நான் கணக்குப் பாத்தேன். ரெண்டாம் தேதி முட்டை வச்சா இருபத்திமூணாம் தேதி குஞ்சு. இருபத்தஞ்சாம் தேதி ஓசூர். நடுவுல ஒரு நாள். சரி, போகுதுன்னு இருந்துட்டேன். என் வீட்டுக்காரி ஓசூர் போறதுக்குப் பாத்திரமெல்லாம் மூட்டை கட்டிட்டா. தினம் போன் பண்ணி நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு கேப்பா. வராம எங்க போறேன்னு சொல்லுவேன்.

கட்டில் கொடுத்தாங்க, மூணு வேளை சாப்பாடு. குறை சொல்லப்படாது. ஆனா நாலு பக்கமும் சுவரு, மெஷின் சத்தம், முட்டை வாசம். நடந்தா அதே எண்பது அடி. எண்ணி வச்சிருந்தேன்.

அங்க தெய்வாத்தாள்னு ஒரு அம்மா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பதினேழு வருசமா மெஷினைப் பாத்துக்கிறவங்க. வெளிச்சத்துல முட்டையை வச்சு இதுல உசுரு இருக்கு, இதுல இல்லைன்னு பிரிச்சுக்கிட்டே இருப்பாங்க, வாய் பேசிக்கிட்டிருக்கும். அவங்கதான் எனக்குச் சாப்பாடு கொண்டாந்து வைப்பாங்க. காரம் அதிகமா இருந்தா சொல்லுங்க சார்ம்பாங்க. நல்ல மாதிரி. நான் ஒண்ணும் அவங்களைக் குறை சொல்லல.

முதல்ல குழாயைக் கொஞ்சம் மேல வச்சேன். கிளிப்பரைத்தான் சொல்றேன். சூடு அளக்கிற ஒயர் வர்ற இடத்துல ஒரு ஜோடி டயோடு போட்டு, சிப்பு தாங்குற எல்லைக்குப் பக்கத்துல வெட்டுற மாதிரி. சரியான டிசைன்தான், இன்னைக்கும் அதைத்தான் பண்ணுவேன், கொஞ்சம் பெரிய சாமானாப் போட்டு. நாலாம் நாள் மத்தியானம் கரண்டு போய் ஜெனரேட்டர் வந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம். போர்டு செத்துப்போச்சு.

மாத்து போர்டு கையில இருந்ததால பத்து நிமிசத்துல மாட்டிட்டேன். முட்டைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நாச்சிமுத்து வந்து நின்னாரு. அப்புறம் மெதுவா, இந்த ஒரு தடவை போகட்டும், இன்னொருக்கா அந்த மூடியைத் திறந்தீங்கன்னா அடுத்த செட்டு முட்டைக்கும் இருந்துட்டுத்தான் போகணும்னாரு. மூடியைத் திறந்தா இன்னொரு இருபத்தோரு நாளு. புரியுதுங்களா? ஓசூர் போச்சு.

அன்னைக்கு மூடி திறந்திருந்தப்பவே குழாயைக் கீழ இறக்கிட்டேன். என் டப்பாவுல மூணு புள்ளி மூணு வோல்ட் சீனர் டயோடு, அந்த அளவுக்கு மேல வர்றதை வழியவிடுற சின்னச் சாமான், பத்து கிடந்துச்சு. வேற நல்லது வேணும்னா கோயமுத்தூர்ல இருந்து வரணும், ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் மூடி திறந்து கிடக்கணும். இருந்ததைப் போட்டேன். குறைஞ்ச சூட்டுல வச்சுச் சோதிச்சுப் பாத்தேன், அச்சு அசலாக் காட்டுச்சு. மூடியைப் போட்டேன், நாலு ஸ்க்ரூ, டைட்டா.

அதுக்கப்புறம் கரண்டு முப்பத்தொரு தடவை போச்சு. எண்ணியிருக்கேன், சுவத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன். முப்பத்தொரு தடவை. போர்டு அசையல.

பன்னெண்டாம் நாளுன்னு நினைக்கிறேன். தெய்வாத்தாள் ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி இமை மேல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அது அவங்க பழக்கம். என்னைக் கூப்பிட்டாங்க.

"சார், சூடு சாஸ்தியா இருக்குதுங்."

டிஸ்பிளேயைக் காட்டினேன். தொண்ணூத்தொம்பதரை. அதுதான் இருக்கவேண்டிய சூடு, பாரன்ஹீட் கணக்குல. அம்மா, இது புள்ளி ஒண்ணு வரைக்கும் அளக்கும், உங்க கண்ணு அளக்குமான்னு கேட்டேன். அவங்க போய்ப் பழைய பாதரசத் தர்மாமீட்டரைக் கொண்டாந்து உள்ள வச்சுப் பாத்தாங்க. நூத்தி ரெண்டு. தர்மாமீட்டர் பழசு, பாதரசம் நடுவுல வெட்டுப்பட்டிருக்கும்னு சொன்னேன். வெட்டுப்படும்ங்க, பழசானா. நான் பொய் சொல்லல.

அவங்க விடல. ஓனர்கிட்டப் போயிட்டாங்க. அவரு வந்து டிஸ்பிளேயைப் பாத்தாரு, தர்மாமீட்டரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "நம்பலாமா தம்பி?"ன்னு கேட்டாரு.

நம்பலாம்ங்கன்னேன்.

இப்ப நீங்க கேப்பீங்க, அந்த நேரத்துல உனக்குத் தெரியாதான்னு. பாருங்க, புத்தகத்துல போட்டிருக்கும். சின்ன வோல்ட் சீனருக்கு ஒரு குணம் உண்டு. மூணு புள்ளி மூணுன்னு எழுதியிருந்தாலும் அதுவரைக்கும் சும்மா இருக்காது, முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாக் கசிய ஆரம்பிச்சிரும். டேங்க் நிரம்புறதுக்கு முன்னாடியே ஓட்டை வழியா ஒழுகுற மாதிரி. அப்ப என்ன ஆகும்னா, நிஜச் சூடு ஏறினாலும் சிப்புக்குக் குறைச்சலாத்தான் தெரியும். இன்னும் பத்தலை போலன்னு அது ஹீட்டரைப் போட்டுக்கிட்டே இருக்கும். குறைஞ்ச சூட்டுல ஒயர்ல வர்ற வோல்ட்டும் குறைச்சல், கசியாது. அதனாலதான் சோதிச்சப்ப சரியா இருந்துச்சு. படிச்சிருக்கேன். படிச்சது ஞாபகமும் வந்துச்சு, அன்னைக்கே, சோத்துல கை வச்சிருக்கறப்ப. ஆனா ஞாபகம் வர்றது வேற, உறுதியாத் தெரியறது வேற இல்லையா? மீட்டர் வச்சு அளந்தாத்தான் தெரியும். மீட்டர் என் டப்பாவுலதான் இருந்துச்சு. அளக்கணும்னா மூடியைத் திறக்கணும்.

நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.

அதுக்கப்புறம் தெய்வாத்தாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷின் கதவைத் திறந்து விடுவாங்க. அஞ்சு நிமிசம் திறந்து வச்சு, முந்தானையால விசிறிட்டு மூடுவாங்க. கதவைத் திறக்கக்கூடாது, அது சட்டம், சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. நான் பாத்தேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லல. அந்த விசயத்துல நான் அவங்களைக் காட்டிக்கொடுக்கல, அதை நீங்க கவனிக்கணும். சாப்பாடு மட்டும் அப்புறம் வேற ஆளுகிட்டக் கொடுத்தனுப்பினாங்க.

பத்தொம்பதாம் நாள் காலையில கிய்யா முய்யான்னு சத்தம். குஞ்சு வந்துருச்சு. ரெண்டு நாள் முன்னாடியே! நான் ஓடினேன். எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? ஜெயில்ல இருந்து விட்ட மாதிரி. நாச்சிமுத்து வந்தாரு, முகத்துல ஒரு குழப்பம். இருந்தாலும் வாக்குக் கொடுத்த மனுசன். போங்க தம்பின்னு வாட்ச்மேனுக்குக் கை காட்டினாரு.

சூடு அதிகமானா முன்னாடியே பொரிக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் குளிச்சு என் துணியைப் போட்டுக்கிட்டு, சொல்லிட்டுப் போகலாம்னு ஜன்னல் வழியாக் கூப்பிட்டேன். தெய்வாத்தாள் ஒரு குஞ்சைக் கையில வச்சுக்கிட்டு வந்து காட்டினாங்க. தொப்புள் மூடல, ரத்தம். கால் நிக்கல. டிரே டிரேயா முட்டைக்குள்ளயே செத்துக் கிடந்துச்சு. ஒம்பதாயிரத்தி அறுநூத்துல மூவாயிரம் வந்திருக்கும், அதுல பாதி அன்னைக்கே போச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். கதவுப் பக்கத்துல இருந்த நாலு டிரேயில இருந்ததுதான் ஒழுங்காப் பிழைச்சது.

அவங்க குஞ்சை நீட்டிக்கிட்டே நின்னாங்க. வரேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

இருபத்தஞ்சாம் தேதி சேர்ந்துட்டேன், சர்டிபிகேட்டோட.

ஒரு மாசம் கழிச்சு நாச்சிமுத்து போன் பண்ணினாரு. எடுத்தவுடனே சத்தம் போடுவாருன்னு நினைச்சேன். இல்ல. போர்டுல ஒவ்வொரு நிமிசமும் சூடு பதிவாகும்ல, அந்தப் பதிவை எடுத்துப் பாத்தோம், நடுநடுவுல அஞ்சஞ்சு நிமிசம் இறங்கியிருக்கு, மத்தபடி பத்தொம்பது நாளும் தொண்ணூத்தொம்பதரைதான் இருக்கு, பதிவு சரிதானேன்னு கேட்டாரு. போர்டு பாத்ததை அப்படியே எழுதியிருக்குங்க, தன் இஷ்டத்துக்கு எழுதாதுன்னேன். அப்ப அந்தம்மா கதவைத் திறந்து திறந்து மூடினதுலதான் முட்டை கெட்டுப்போச்சுன்னாரு. எனக்கு முட்டையைப் பத்தித் தெரியாதுங்கன்னேன். தெரியாதுதானே? நான் எலக்ட்ரானிக்ஸ் ஆளு.

அவங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. பதினேழு வருசம். அந்தம்மா சும்மா இருக்காம லேபர் கோர்ட்டுக்குப் போனாங்க. நடந்து நடந்து ஆறு வருசம். அதுலதான் எனக்குச் சம்மன் வந்துச்சு, ஓனர் தரப்புச் சாட்சியா.

இன்னைக்குக் காலையில கூண்டுல ஏறினேன். நாச்சிமுத்தோட வக்கீல் பதிவைக் காட்டி, இது உங்க போர்டு எழுதினதான்னாரு. ஆமான்னேன். நீங்க அங்க இருந்த காலத்துல போர்டு எரிஞ்சுதான்னாரு. நாலாம் நாள் ஒண்ணு எரிஞ்சுது, நான் சர்க்யூட்டை மாத்தினப்புறம் ஒண்ணுகூட எரியலன்னேன். அந்தம்மாவோட வக்கீல் சின்ன வயசுப் பொண்ணு, பாவம், அதுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க அங்க எத்தனை நாள் இருந்தீங்க, கதவைத் திறக்கறதைக் கண்ணால பாத்தீங்களா, இதுதான் கேட்டுச்சு. பாத்தேன்னேன். பாத்தேன்ல? அவ்வளவுதான், இறங்குங்கன்னுட்டாங்க. சீனரைப் பத்தி யாருமே கேக்கல. கேட்டிருந்தா சொல்லாமயா இருந்திருப்பேன்?

வெளிய வராந்தாவுல பெஞ்சுல அந்தம்மா உக்காந்திருந்தாங்க. இளைச்சுப் போயிட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறாங்களாம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தாண்டிப் போயிடலாம்னு பாத்தேன். எந்திரிச்சு நின்னு கும்பிட்டாங்க. வீட்டுல அம்மணி நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க:

"சார், கோர்ட்டுக்காகக் கேக்கலைங். எனக்குத் தெரிஞ்சுக்கோணும். அன்னிக்கு நான் இமையில வச்சுப் பாத்தனே, அது தப்புங்களா? ஆறு வருசமா ஒரு பண்டத்தையும் தொட்டு இது சூடு, இது சில்லுன்னு என்னால நம்ப முடியலைங்."

நான் என்ன கல்லா? சுத்திமுத்திப் பாத்தேன், யாருமில்ல. தப்பில்லம்மா, சூடாத்தான் இருந்துச்சு, நான் போட்ட சீனர் கசிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். மனசு விட்டுச் சொன்னேன். இத்தனை வருசத்துல என் வீட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னதில்ல.

அழுவாங்கன்னு நினைச்சேன். இல்ல ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, வாங்கிக்கிட்டுப் போயிரலாம்னு நினைச்சேன். ரெண்டும் பண்ணல. கண்ணை மூடி ஒரு நிமிசம் நின்னாங்க. அப்புறம் அந்தச் சீனர்ங்கிற பேரை இன்னொருக்காச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். வாய்க்குள்ளயே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. நேரா விறுவிறுன்னு நடந்து டீக்கடையில நின்ன அந்த வக்கீல் பொண்ணுகிட்டப் போயிட்டாங்க.

இது நியாயமா, நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் தனியா நம்பிச் சொன்னதை இப்படியா உடனே கொண்டுபோய்ச் சேக்கறது? கோர்ட்டுக்காகக் கேக்கலைன்னு அவங்களே சொன்னாங்களே. நான் ரோட்டுல நின்ன முதல் பஸ்ஸைப் புடிச்சு ஏறிட்டேன்.

அடுத்த வாய்தா பதினாலாம் தேதி. திரும்பக் கூப்பிட்டாங்கன்னா என்ன சொல்றது? முதல்ல சொன்னது பொய்யான்னு கேப்பாங்க. பொய் இல்லையே. ஓசூர்ல தெரிஞ்சா என்ன ஆகும்? என் பேர்ல இருக்கிற டிசைன் மட்டும் இருபத்திமூணு. ஒவ்வொண்ணையும் திறந்து பாப்பாங்க. அதெல்லாம் நல்ல சாமான் போட்டது, அதுல கசிவே கிடையாது, ஆனா யாரு நம்புவாங்க? சொல்லலைன்னா அந்தம்மா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. உக்காந்து பாத்தா நான் என்ன பண்றது. இந்தப் பக்கமும் வழியில்ல, அந்தப் பக்கமும் வழியில்ல.

இல்ல, இது என் போன்தான். சேலம் தாண்டினதுல இருந்து அடிச்சுக்கிட்டு இருக்கு. கோயமுத்தூர் நம்பர். அந்த வக்கீல் பொண்ணாத்தான் இருக்கும், சாட்சி லிஸ்ட்டுல என் நம்பர் இருக்குமில்ல. வேற யாராவும் இருக்கலாம். லோன் வேணுமான்னு கேக்கறவங்களும் இப்படித்தான் விடாமப் பண்ணுவாங்க.

பாருங்க, நின்னுருச்சு. அவ்வளவுதான். அவங்களுக்கு நிஜமா வேணும்னா இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. இன்னொரு தடவை வந்தா எடுத்துர்றேன். என்ன பாக்கறீங்க, சத்தியமா எடுக்கறேங்க.

அடிக்குது.